சாமி அலமாரியில் ஒரு சர்வர்

ஆயுத பூஜை அன்று காலை. வாசலில் பைக்கைக் கழுவிக்கொண்டிருக்கிறேன். கந்தர்வக்கோட்டையிலிருந்து தங்கை போன்.

"அண்ணே, கடை தொறக்கலையே. லிங்க்கைத் தொட்டா என்னமோ எரர்னு வருது."

சோப்புத் துணியை வாளியில் போட்டேன்.

விஷயம் என்னவென்றால்... தங்கை முந்திரி வறுத்து விற்கிறாள். அவள் கணவர் குவைத்தில். அங்கே இருக்கும் நம்மூர்க்காரர்கள், ஊரிலிருக்கும் குடும்பத்துக்குத் தீபாவளிக்கு அனுப்பச் சொல்லி அவளிடம் ஆர்டர் போடுவார்கள். போன வருஷம் அதற்கு ஓசியில் ஒரு வெப்சைட் வைத்திருந்தாள். பண்டிகை நெருக்கத்தில் அது சொல்லாமல் கொள்ளாமல் மூடிக்கொண்டது. யார் என்ன கேட்டார்கள் என்றே தெரியாமல், வறுத்த பருப்போடு உட்கார்ந்திருந்தாள். இந்த வருஷமும் அப்படி ஆனால் அவளை நம்பி யார் கேட்பார்கள்?

"இனிமே ஒன் கடை எங்க வீட்டுலயே ஓடும்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் கற்றுக்கொள்ளவே ஆரம்பித்தேன்.

சர்வர் என்றால் ஏசி அறையில் வசிக்கும் ராட்சசன் இல்லை. கேட்கிறவருக்குப் பக்கத்தை எடுத்துக் கொடுத்துக்கொண்டு, எப்போதும் விழித்திருக்கும் ஒரு கம்ப்யூட்டர். அவ்வளவுதான். பரணில் கிடந்த, பேட்டரி செத்த பழைய லேப்டாப்பில் லினக்ஸ் ஏற்றினேன். வெப் சர்வர் புரோகிராமைப் போட்டேன். என் போனில் கடை திறந்தது. தலைகால் புரியவில்லை.

மாப்பிள்ளைக்கு, அதாவது தங்கை கணவருக்கு, லிங்க் அனுப்பினேன்.

"மச்சான், இங்கிட்டு வட்டம்தான் சுத்துது" என்றார்.

வீட்டு வைஃபைக்குள் இருந்துகொண்டு பார்த்தால் திறக்காமல் என்ன செய்யும்? போனில் வைஃபையை அணைத்துவிட்டுச் சோதிக்க வேண்டும். புதிதாக ஆரம்பிப்பவர்கள் இதை மறக்காதீர்கள். எங்கள் இன்டர்நெட் இணைப்பில் வெளி ஆள் நேராக உள்ளே வர வழியே கிடையாதாம். அதற்கு டனல் என்று ஒரு சேவை. நம் சர்வரே வெளியே போய்ப் பாதை போட்டு வைக்கும். வருகிறவர்கள் அந்தப் பாதையில் வரலாம். அது பிடிபடுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. ஆனால் விடவில்லை. குவைத்திலும் கடை திறந்தது. ஆயுத பூஜை காலையில் ஆர்டர் ஆரம்பம் என்று தங்கையும் ஊரெல்லாம் சொல்லிவிட்டாள்.

இப்போது... எரர்.

உள்ளே ஓடினேன். மேஜையில் லேப்டாப் இல்லை. சாமி அலமாரியில் அரிவாள்மணைக்கும் கத்தரிக்கோலுக்கும் நடுவில் இருந்தது. ஒயரைப் பிடுங்கி, பளிச்சென்று துடைத்து, சந்தனம் குங்குமம் எல்லாம் வைத்திருந்தாள் என் மனைவி.

"என்ன வேலை பாத்து வச்சிருக்க?"

"நாளைக்கி மறுபூசை முடியிற வரைக்கும் தொடக் கூடாதுங்க. அதுவும் ஒழைக்கிற சாமான்தான. இன்னைக்காவது ரெஸ்ட் எடுக்கட்டும்."

சர்வர் பாடங்களில் வைரஸ் வருகிறது, ஹேக்கர் வருகிறான். ஆயுத பூஜை எங்காவது வருகிறதா?

"தங்கச்சி கடை மூடிக் கெடக்கு" என்றேன்.

"அது கந்தர்வக்கோட்டையில இல்ல இருக்கு?"

"இல்ல. இதுக்குள்ளதான் இருக்கு."

லேப்டாப்பைக் குனிந்து பார்த்தாள். "இத மொதல்லயே சொன்னா என்ன? பொட்டி பொட்டின்னுதான சொல்லிக்கிட்டு திரிஞ்சீங்க."

உண்மைதான். வலையில் தேடித் தேடிப் படித்தவன், பக்கத்தில் இருப்பவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அவளே வழியும் சொன்னாள். "பஸ்ஸுல வாழைக்கன்னைக் கட்டிட்டு ஓட்டத்தான செய்றாங்க. இதுவும் ஓடட்டும். ஆனா கீழ எறக்கக் கூடாது."

எக்ஸ்டென்ஷன் பாக்ஸை இழுத்து வந்து அலமாரியிலேயே உயிர் கொடுத்தேன். லேப்டாப் எழுந்தது. கடை எழவில்லை. ஏன்? இத்தனை நாளும் புரோகிராம்களைக் கையாலேயே ஓட்டிவிட்டுக்கொண்டிருந்தேன். கரண்ட் போய் வந்தால் தானாகத் தொடங்கு என்று அதற்குச் சொல்லியே வைக்கவில்லை. சந்தனம் ஒட்டிய விரலோடு நின்றபடியே அதைச் செய்தேன். பிறகு நானே அணைத்தேன். போட்டேன். மறுபடி அணைத்தேன். யார் உதவியும் இல்லாமல் கடை எழுந்து நிற்கும்வரை விடவில்லை.

தங்கை போன்.

"அண்ணே, தொறந்திருச்சு. ஆர்டர் வர ஆரம்பிச்சிருச்சு. எங்க போச்சு இவ்வளவு நேரம்?"

"சாமி கும்பிடப் போயிருந்துச்சு" என்றேன்.

பூஜை முடிந்தும் சர்வர் அங்கேயேதான் இருக்கிறது. கடையை எடுத்து மேஜையில் போட மனைவிக்கு மனசில்லை. நானும் ஒப்புக்கொண்டேன், ஒரே ஒரு நிபந்தனையோடு... சூடத்தை மட்டும் அதன் ஃபேன் பக்கம் காட்டக் கூடாது.