சொர்ணமுகியில் மணல் தட்டிய காலை

ஆற்றில் தண்ணீர் போதவில்லை. அக்காவின் உடம்பில் தண்ணீர் அதிகம். அந்தக் கார்த்திகையில் எங்கள் வீட்டில் வேறு பேச்சே இல்லை. சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு, குடித்ததெல்லாம் அவளுக்குள்ளேயே தங்கியது. திருப்பதிக்குப் போய் டயாலிசிஸ் இயந்திரத்தோடு படுத்தால்தான் இறங்கும். வெள்ளம் தரைப்பாலத்தை அடித்துக்கொண்டு போனதில் ஒரு முறை தவறிவிட்டது. படுத்தால் மூச்சு முட்டுகிறதென்று சுவரில் சாய்ந்தபடியே இரவைக் கழித்திருந்தாள். முகம் ஊதி, கண் இரண்டும் கீறல் மாதிரி. இன்றும் தவறினால் தாங்காது என்று டாக்டர் போனில் தெலுங்கில் சொன்னதை, அவள் வீட்டுக்காரர், என் மாமா, தமிழில் அவளிடம் சொல்லவில்லை. அவளுக்கும் தெலுங்கு தெரியும். பக்கத்தில்தான் இருந்தாள்.

ஊருக்கும் நாயுடுபேட்டை பஸ் போகும் ரோட்டுக்கும் நடுவே சொர்ணமுகி. வடிந்த வெள்ளம் நடக்கவும் விடாது, மிதக்கவும் விடாது. மணல் திட்டுக்கு இந்தப் பக்கம் கணுக்கால் ஆழம், அந்தப் பக்கம் இடுப்பு, அதற்கப்பால் வெறும் மணல் ஈரமாகப் பளபளத்துக்கொண்டு, மறுபடி இடுப்பு. நேற்றுப் போன வழி இன்று இருக்காது. மீன் பிடிக்க மாமா வைத்திருந்த சின்ன பைபர் படகுதான் ஊருக்கே பாலம். சவுக்குக் கழியை ஊன்றித் தள்ளுவார். அடி தட்டினால் முதலில் கழிக்காரன் குதிக்க வேண்டும், அதுவும் நீர் வரும் பக்கமாக. மறுபக்கம் குதித்தால் நீரோட்டத்தில் படகு அவன்மேலேயே ஏறிவிடும். பிறகு மற்றவர்கள் இறங்கி, படகை இழுத்துத் திட்டைத் தாண்டி, மறுபடி ஏறுவார்கள். அக்காவை மட்டும் யாரும் இறக்கவில்லை. அவள் கால் செருப்புக்குள்ளேயே போகாத கால்.

"யோவ், படகு ஓட்றியா, ஏர் ஓட்றியா?" என்றாள், அடியில் மணல் கரகரத்தபோது.

"உன்ன ஏத்திக்கினா கப்பலே தட்டும். கம்முனு குந்து."

"கப்பலாம்! மூஞ்சப் பாரு."

சிரித்ததற்கே இளைத்தாள். மாமா திரும்பாமல் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். அலை நறநறவென்று சிறிதாக ஓடினால் கீழே மணல். உம்மென்று கறுத்து நின்றால் ஆழம். அவருக்கு அது முகம் பார்ப்பது போல. கறுப்பை விட்டுக் கறுப்புக்குப் படகைக் கொண்டுபோனார்.

நடு ஆற்றில் மறுபடி தட்டியது. பக்கத்தில் தண்ணீர் நறநறத்துக்கொண்டிருந்தது. யோசிக்க என்ன இருக்கிறது? மாமா நீர் வரும் பக்கம் குதித்தார். நான் மறுபக்கம், அடி தட்டிய திட்டின்மேல், பின்னால் ஒதுங்கி இறங்கினேன். அக்கரையில் ஆடு மேய்த்தவர் கையை வீசி, "ஒத்து, ஒத்து! குண்ட உந்தி!" என்று கத்தினார். வேண்டாம், பள்ளம் இருக்கிறது என்றார் அந்த மனிதர். அதற்குள் மாமா இடுப்புவரை உள்ளே போயிருந்தார்.

கோடையில் இயந்திரம் வைத்து மணல் அள்ளிய குழி அது. வெள்ளம் குழம்பு போன்ற வண்டலால் அதை நிரப்பி, மேலே மணலைத் தூவி, தண்ணீரை நறநறக்க விட்டிருந்தது. ஆறு முதல்முறையாக அவரிடம் பொய் சொன்னது. உதறினார், மார்புவரை இறங்கிவிட்டார்.

"ஆடாத மாமா! கழியப் படுக்கப் போடு, அத்தப் புடிச்சிக்கோ!"

திட்டின் விளிம்பில் குப்புறப் படுத்து, கழியின் ஒரு முனையைப் பிடித்தேன். அப்போதுதான், இரண்டு ஆள் பாரம் குறைந்த படகு மணலைவிட்டு நழுவியது. அக்காவோடு. கீழ்ப்பக்கம், கறுத்த தண்ணீரை நோக்கி.

திரும்பிப் பார்த்தேன். அவள் இறங்கிவிட்டிருந்தாள். எப்படி இறங்கினாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. முழங்கால் தண்ணீரில் தொப்பென்று உட்கார்ந்து, படகுக் கயிற்றை இடது மணிக்கட்டில் சுற்றி, குதிகாலை மணலில் ஊன்றியிருந்தாள். நீரோட்டம் படகை இழுத்தது. படகு அவளை இழுத்தது.

"விட்டுடு அக்கா!"

"விட்டா எதுல ஆஸ்பத்திரி போறது? நீ அந்தாள இழுடா!"

இழுத்தேன். வண்டல் ஒரு வாய் போல அவரை உறிஞ்சிக்கொண்டிருந்தது. வெகுநேரம் கழித்து, லுங்கியை உள்ளேயே விட்டுவிட்டு, டவுசரோடு மணலில் வந்து விழுந்தார். அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தாள். "இந்தக் கோலத்துல பஸ்சுல ஏத்துவானா?" என்றாள். பிறகு அழுதாள்.

பஸ் போய்விட்டிருந்தது. செங்கல் வேன் ஒன்றிலும் பிறகு ஒரு ஆட்டோவிலுமாகத் திருப்பதி சேர்ந்தோம். நர்ஸ் அவளுடைய இடது கையில் ஸ்டெதாஸ்கோப் வைத்தாள். நகர்த்தினாள். மறுபடி வைத்தாள். இயந்திரத்துக்கு ஊசி குத்துவதற்காக ரத்தக்குழாய் இரண்டைச் சேர்த்துத் தைத்த கை அது. தொட்டால் உள்ளே வண்டு இரைவதுபோல் ரத்தம் ஓடும். அதன்மேல் பாரம் கூடாது, வாட்ச்கூடக் கட்டக் கூடாது என்று ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தார்கள். இப்போது மணிக்கட்டில் கயிறு அழுந்திய தடம், அதற்குமேல் வீக்கம்.

"சவுண்டு ராவட்லேது," என்றாள் நர்ஸ்.

வண்டு நின்றுபோயிருந்தது.

"அந்தக் கையிலயா கட்டிக்கினேன்?" என்று அக்கா கேட்டாள், வேறு யாரோ செய்த காரியம் போல. "பொறம்போக்கு புத்தி. எந்தக் கைனு பாக்கல."

மாமாவின் உடம்பெல்லாம் வண்டல் காய்ந்து வெடித்திருந்தது.

கழுத்தில் குழாய் வைத்து அன்று தண்ணீரை இறக்கினார்கள். மூச்சு வந்தது. சாயங்காலம் இட்லி தின்றாள். குழாயில் ஈரமே படக் கூடாது, ஆறு தாண்டுகிற பேச்சே வேண்டாம் என்றார்கள். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஓர் அறை எடுத்தோம். வலது கையில் அதேபோல் தைத்து, புதுக் கை தயாராகும்வரை என்று சொல்லிக்கொண்டோம். மாமா அக்கரைக்கும் இக்கரைக்குமாக அலைந்தார். மாசியில் அந்தக் குழாய் வழியே காய்ச்சல் ஏறியது. குளிர், குளிர் என்று நடுங்கியவள், போர்த்தப் போர்த்த நடுங்கியவள், மூன்றாவது போர்வைக்கு அசையவில்லை.

தரைப்பாலம் இன்னும் கட்டவில்லை. மாமா இன்னும் படகு விடுகிறார். மணல் தட்டினால் இப்போது குதிப்பதில்லை. நின்ற இடத்திலிருந்தே சுற்றிலும் கழியால் குத்துகிறார், குத்திய இடத்திலேயே மறுபடி குத்துகிறார்.

"இன்னா மாமா, பஸ்சு பூடும்," என்று சலித்துக்கொள்கிறார்கள், டிபன் டப்பாவோடு நிற்கும் கம்பெனிப் பெண்கள்.

"போவட்டும்," என்கிறார்.