அட்டவணைக்கு அடியில் ஒரு பட்டை

திண்டிவனம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், ஓர் உரக்கடையின் மாடியில் இருக்கிறது எங்கள் அலுவலகம். சென்னை நிறுவனம் ஒன்று பிடித்துத் தரும் இணையதள வேலைகளை முடித்துக் கொடுப்போம். நான் விழுப்புரத்திலிருந்து வருகிறேன். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான்தான். என்ன வேலை என்று கேட்டால் "கம்ப்யூட்டர் வேலை" என்பேன். அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை. கேட்டிருந்தாலும் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்குமா என்பது வேறு விஷயம்.

என் பக்கத்து நாற்காலியில் ஜினேஷ் இருந்தான். செஞ்சிப் பக்கத்துச் சமண நயினார் வீட்டுப் பிள்ளை. அப்பா நேமிசந்திரனுக்கு மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, வியாபாரம். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடுவது அவர்கள் வழக்கம். மீட்டிங் நடந்தாலும் அந்த நேரத்தில் ஜினேஷ் டிபன் பாக்ஸைத் திறந்துவிடுவான். முதலாளி ஆனந்தராஜுக்கு அது பிடிக்காது. இரண்டு வருடமாக அவனை டிரெய்னியாகவே வைத்திருந்தார். கடைசியில், இந்த ஒரு வெப் பக்கம் சென்னையில் பாஸானால் பெர்மனென்ட், இல்லாவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டார்.

வியாபாரிகள் சங்கம் ஒன்றுக்காக தினசரி மல்லாட்டை விலையைப் போடும் பக்கம் அது. அட்டவணை அகலமானது. போனில் திறந்தால் ஊர், ரகம், ஈரம், வரத்து வரைதான் தெரியும். விலை கடைசிப் பத்தி. விரலால் இழுத்தால்தான் வரும்.

ஜினேஷ் ஒரு சாயங்காலம் என்னோடு பேருந்தேறி விக்கிரவாண்டி டீக்கடையில் இறங்கினான். அங்கே உட்கார்ந்திருந்த சீனுவாசன் என்ற விவசாயியின் போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து கொடுத்தான். அவர் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எல்லாம் போட்டுக்கிற. ரேட்ட மட்டும் உட்டுட்டியே தம்பி."

"தள்ளிப் பாருங்க, இருக்கும்."

"தள்ளணும்னு அதுல எங்கனா எழுதிக்கிதா?"

விலையை முதல் பத்திக்குக் கொண்டுவரலாமா, தள்ளச் சொல்லி ஒரு வரி சேர்க்கலாமா என்று ஜினேஷ் சென்னைக்கு எழுதிக் கேட்டான். வடிவமைப்பில் ஒரு எழுத்தும் மாறக்கூடாது என்று பதில் வந்தது. மீதி இருந்தது ஸ்டைல்ஷீட் மட்டும். பக்கம் எப்படித் தோன்ற வேண்டும் என்று சொல்லும் கோப்பு அது. அதற்குப் பொதுவான விதிகள் உண்டு. விதிக்கு வெளியே, சில பிரவுசர்களுக்கு மட்டும் புரிகிற வரிகளும் உண்டு. அப்படிச் சில வரிகளைப் போட்டால், அட்டவணைக்கு அடியில் ஒரு பச்சைப் பட்டை, ஸ்க்ரோல் பார், எப்போதும் தெரியும். பட்டையைப் பார்த்தால் கை தானாகத் தள்ளும்.

ஆனால் கோப்பில் பிழை தேடும் சோதனைக் கருவிக்கு அந்த வரிகள் ஆகாது. அவற்றை வெறும் எச்சரிக்கையாகக் காட்டவும் அதில் வசதி இருக்கிறது. சென்னையில் எரர் என்று வைத்திருந்தார்கள். ஒரு எரர்கூட இருக்கக்கூடாது என்பது ஒப்பந்தம்.

ஜினேஷ் அந்த வரிகளைத் தனிக் கோப்பில் போட்டான். ஒவ்வொன்றும் எதற்கு என்று மேலே குறிப்பு எழுதினான். பிரதான கோப்பு சுத்தம். புரியாத பிரவுசர் இரண்டாவதை விட்டுவிடும், ஒன்றும் கெடாது. நான் பார்த்ததில் அதைவிட நேர்மையான கோட் இல்லை. அது பாஸாகும் என்று நம்பினேன்.

இரண்டு கோப்பையும் சேர்த்துத்தான் எண்ணுவோம் என்று சென்னையிலிருந்து எழுதிவிட்டார்கள். ஆனந்தராஜ் வந்து நின்றபோது ஜினேஷ் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"பொழுது போனா சோறு துண்ண மாட்டேங்கற. அந்த ரூலு மட்டும் ரூலு, இது ரூலு இல்லியா?"

"அது என் வயித்தோட போவுது சார். இது ஊரு ஜனத்தோட ரேட்டு."

"உனக்கு வேலை வேணுமா, பட்டை வேணுமா?"

ஜினேஷ் டிபன் பாக்ஸை மூடினான். கை கழுவிவிட்டு வந்து இரண்டாவது கோப்பை அழித்தான். பக்கம் பாஸானது. ஆனந்தராஜ் பெர்மனென்ட் ஆர்டரை அடிக்கச் சொன்னார். அன்று ஜினேஷ் யாருக்கும் ஸ்வீட் வாங்கவில்லை.

ஆர்டரில் கையெழுத்தாவதற்குள் சங்கத் தலைவர் தன் போனில் பக்கத்தைத் திறந்து பார்த்திருக்கிறார். விலை இல்லை. அவர் சென்னையைக் கேட்டார், சென்னை ஆனந்தராஜைக் கேட்டது. போனில் போட்டுப் பார்த்திருக்க வேண்டியது யார் என்ற கேள்விக்கு, ஆனந்தராஜ் ஜினேஷின் பெயரைச் சொன்னார்.

நான் அவர் அறைக்குப் போனேன். பட்டை வேண்டும் என்று ஜினேஷ் முதலிலேயே சொன்னதையும், எடுக்கச் சொன்னது யார் என்பதையும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை.

"எல்லாம் தெரியும் கோபி. யார்னா ஒருத்தன் பேரு குடுக்கணுமில்ல. நீ போய் வேலையப் பாரு."

ஆர்டரில் கையெழுத்து விழவில்லை. ஜினேஷ் இப்போது அப்பாவின் மண்டியில் இருக்கிறான். அங்கே விலை கரும்பலகையில் சாக்பீஸால் எழுதியிருக்கும் என்று போனில் சொன்னான். நான் சிரிப்பேன் என்று எதிர்பார்த்தானோ என்னவோ. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பக்கத்தை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். பட்டை தெரிய வேண்டும், எரர் ஒன்றும் இருக்கக்கூடாது. இரண்டையும் ஒரே மெயிலில் எழுதியிருக்கிறார்கள். எழுதியவருக்கு அதில் எந்த முரணும் தெரிந்ததாகத் தோன்றவில்லை. முடியாது என்று பதில் எழுத உட்கார்ந்தேன். எழுதி முடித்து, அனுப்பாமல், "முயற்சி செய்கிறேன் சார்" என்று மாற்றினேன். அதைத்தான் அனுப்பினேன்.