இன்னும் ஒரு சுற்று

நின்றபடியே ஒரு காலை மடக்கித் தூக்கி, சுவரிலோ கதவிலோ சாயாமல், ஷூ நாடாவை இழுத்துக் கட்டுகிறாள். வெளியே இன்னும் சரியாக விடியவில்லை. தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே கணவர் கேட்கிறார், "உட்காந்து கட்டினாத்தான் என்ன?"

"உட்காந்தா உடம்பு சுகம் கண்டுடுங்க."

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவளுக்குக் 'கொக்கு' என்றே பெயர். ஈர விரிப்புகளைத் தோளில் அள்ளிப் போட்டுக்கொண்டு வருபவளைப் பார்த்தால், நெடுந்தூர ஓட்டத்தில் நாட்டையே ஜெயித்தவள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மாடிப்படியைக் கைப்பிடி பிடித்து ஆமையாக ஏறுவாள். தூக்கத்தில்தான் கால்கள் நிற்காது. கணவரின் கெண்டைக்காலில் எப்போதும் ஓரிடம் கன்றிப்போயிருக்கும். "சாம்பியன்கிட்ட உதை வாங்க எல்லாருக்கும் குடுத்து வெக்குமா?" என்று துணி தைக்க வருகிறவர்களிடம் காட்டிப் பெருமைப்படுவார்.

ஓட ஆரம்பித்தது தற்செயல்தான். ஆஸ்பத்திரி ஊழியர்களுக்கான போட்டியில் ஆள் குறைகிறது என்று கையைப் பிடித்து இழுத்து நிறுத்தினார்கள். செருப்பை ஓரமாகக் கழற்றிவிட்டு ஓடினாள். மற்றவர்கள் மூச்சு வாங்கி நின்றபோது, "அவ்வளவுதானா?" என்று கேட்டாளாம். பரிசு கொடுக்க வந்திருந்த பயிற்சியாளர் அன்றே அவளைப் பிடித்துக்கொண்டார்.

கல்யாணப் பேச்சு வந்தபோது மாமியார் தலையில் அடித்துக்கொண்டார். "ஓடுறவளைக் கட்டிக்கிறேங்கறியே, நாளைக்கு ஓடிப்போயிட்டான்னா?"

"அவ வட்டமாத்தாம்மா ஓடுறா. சுத்தி இங்கதான் வந்து சேருவா."

பட்டங்கள் வந்தன. பிறகு ஒரு மகள் பிறந்தாள். 'பிள்ளை பெத்தவ, இனிமே எங்க ஓடப்போறா' என்று தேர்வுக்குழுவில் பேச்சு எழுந்தது. அது காதில் விழுந்ததும் மாமியாருக்குத்தான் ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. குழந்தையைப் பிடுங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "நீ போய் ஓடுடி. இவளை நான் பாத்துக்கறேன்" என்று வாசலைக் காட்டினார்.

வெளிநாட்டுப் போட்டிக்கு ஆள் எடுக்கும் ஓட்டம் அது. முதலாவது வருகிறவளுக்கு மட்டுமே இடம். கணவர் மகளை மடியில் வைத்துக்கொண்டு பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்தார். கடைசிச் சுற்றுக்கான மணி அடித்ததும் இருந்த உயிரையெல்லாம் காலுக்குக் கொண்டுவந்து பாய்ந்தாள். பக்கத்திலேயே ஓர் இளம்பெண், தோளோடு தோளாக. கோட்டை முதலில் தாண்டியது கொக்குதான். தாண்டிய வேகத்தில் முழங்கால் மடங்கி விழுந்தாள். பின்னாலேயே வந்த அந்த இளம்பெண்ணும் பக்கத்தில் சரிந்தாள். கணவர் மகளைத் தலைக்கு மேல் தூக்கிக் கூத்தாடினார்.

அப்போதுதான் அதிகாரிகள் கையை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தார்கள். மணி அடிப்பவர் எண்ணிக்கை தவறி முன்னாலேயே அடித்துவிட்டார். இன்னும் ஒரு சுற்று பாக்கி.

மைதானமே கொந்தளித்தது. பயிற்சியாளர் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு கத்தினார்: "எழுந்திருக்காத! புகார் குடுக்கலாம். மறுபடி ஓட்டம் வெச்சுத்தான் ஆகணும்!"

அவள் கையை ஊன்றி எழுந்தாள். "தப்பு அவங்களோடதுதான் சார். ஆனா தூரம் இன்னும் முடியலையே."

ஓடினாள். அதை ஓட்டம் என்பதா? கால்கள் கட்டையாக விழுந்தன. அவள் போவதைப் பார்த்து அந்த இளம்பெண்ணும் எழுந்து துரத்தினாள். வளைவில் எட்டிப் பிடித்தும்விட்டாள். கூச்சல் அடங்கி, கூட்டம் ஒவ்வொருவராக எழுந்து நின்றது. இத்தனை வருஷம் அவளுடைய உடுப்புக்கெல்லாம் அளவெடுத்தவர் அந்தத் தையல்காரக் கணவர். தன் அளவு நாடாவுக்குள் அடங்காத ஒருத்தியோடு குடித்தனம் நடத்தி வந்திருக்கிறோம் என்று அவருக்கு உடம்பு சிலிர்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க, கடைசி நேர்கோட்டில் அவள் மெல்ல மெல்ல முன்னேறினாள். மார்பளவு இடைவெளியில் முந்தி ஜெயித்தாள்.

எல்லோரும் அவளைச் சூழ்ந்தார்கள். யாரோ தண்ணீர் பாட்டிலைக் கையில் கொடுத்தார்கள். மூடியைத் திறந்தவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். தடத்தின் ஓரத்தில் மணி அடித்தவர் தனியாக நின்றுகொண்டிருந்தார். மணி இனி ஒலித்துவிடக் கூடாது என்பதுபோல் அதன் நாக்கை இறுக்கிப் பிடித்திருந்தார். தள்ளாடியபடி அவரிடம் போனாள். அவருடைய விரல்களை மெதுவாகப் பிரித்து மணியைத் தான் வாங்கிக்கொண்டு, ஒரு வாய் கூடக் குடிக்காத பாட்டிலை அந்தக் கையில் வைத்தாள்.