வேனுக்குப் பின்னால் வந்த மொபெட்

படிப்பு முடிந்து ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராகச் சேர்ந்தேன். காலையில் கம்பெனி வேன் தெருமுனைக்கே வந்து ஏற்றிக்கொள்ளும். பின்னாலேயே அப்பாவின் மொபெட்டும் வரும். வேன் என்னோடு கேட்டுக்குள் நுழைந்த பிறகுதான் அவர் தன் வேலைக்குப் போவார். அவர் பனியன் செக்கிங் பார்ப்பவர். பீஸ் பீஸாகத் திருப்பி ஓட்டையும் கறையும் தேடுவதுதான் பிழைப்பு. நான் போகிற இடத்தையெல்லாம் அதே கண்ணால்தான் பார்த்தார்.

வேனில் ஜன்னலோரம் உட்காரும் அக்கா ஒருவர் தினமும் அறிவிப்பார்: "கண்ணு, காவல் வந்துருச்சு பாரு." வேனே சிரிக்கும். எனக்கு மானம் போகும்.

அப்போதுதான் பெங்களூரில் நான் ஆசைப்பட்ட வேலை கிடைத்தது. அந்த வாரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். அப்பா ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டார்: "அங்க உனக்கு யாரு கண்ணு இருக்கறாங்க?"

"நான் இருக்கறனுங்கப்பா" என்றேன். அது அவர் காதில் ஏறவே இல்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். மறுநாள் போனையும் சைலண்டில் போட்டுவிட்டு வேன் ஏறினேன்.

காலை நேரத்தில் திருப்பூர் ரோட்டில் ஓடுவதெல்லாம் கம்பெனி வேன்கள்தான். அத்தனையும் வெள்ளை. சிக்னலில் அப்பா இன்னொரு வேனின் வாலைப் பிடித்துவிட்டார். அது முதலிபாளையத்தில் ஏதோ ஒரு கம்பெனிக்குள் போயிற்று. என்னை வேறு யூனிட்டுக்கு அனுப்பியிருப்பார்கள் என்று அவராகவே முடிவு செய்துகொண்டார். வாட்ச்மேனிடம் விசாரித்திருக்கிறார். "அப்படி யாரும் இங்க இல்லீங்க" என்றதும் சந்தேகம் இன்னும் கூடிவிட்டது. வேலைக்கு லீவு சொல்லிவிட்டு எதிர் டீக்கடையில் உட்கார்ந்துவிட்டார்.

மத்தியானம் சாப்பிடும்போது போனை எடுத்தால் அத்தனையும் அப்பாவின் மிஸ்டு கால். பதறிப்போய்க் கூப்பிட்டேன்.

"எங்க கண்ணு இருக்கற?"

"நம்ம கம்பெனியிலதானுங்கப்பா. சாப்பிட்டுட்டு இருக்கறேன். ஏனுங்?"

"செரி, சாப்பிடு கண்ணு" என்று போனை வைத்துவிட்டார்.

சாயங்காலம் வீட்டில் நடந்ததைச் சொல்லி அவரே சிரித்தார். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. நடுவில் அவர் நிறுத்தினார்.

"நான் காவல் இருந்த பக்கம் நீ இல்ல. நீ இருந்த பக்கம் காவல் இல்ல. ஒண்ணும் ஆகலயே சாமி." தட்டிலிருந்த சோற்றைக் கொஞ்ச நேரம் பிசைந்துகொண்டே இருந்தார். "பெங்களூருக்கு வர்றேன்னு சொல்லிரு. நான் பின்னால வரல."

அதைச் சொல்ல அவர் என்ன பாடு பட்டிருப்பார் என்று எனக்குத் தெரியும். வேனே சிரித்த அந்தக் காலைப்பொழுதுகளெல்லாம் அந்த ஒரு நிமிஷத்தில் எனக்குப் பிரியமாகிவிட்டன. யாருக்கு இப்படி ஒருத்தர் கிடைப்பார்?

ரயிலேற்றிவிட வந்தவர் என் பெட்டியைக்கூடத் தூக்கவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். வண்டி ஊரைத் தாண்டி ஒரு லெவல் கிராசிங்கைக் கடந்தது. கேட்டுக்குப் பின்னால் நின்ற வண்டிகளில் என் கண் தானாக அந்த மொபெட்டைத் தேடிற்று. இல்லை. போன் போட்டேன்.

"ஏனுங்கப்பா, எங்க இருக்கீங்க?"

"பிளாட்பாரத்துலயேதான் நிக்கறேன் கண்ணு. ஒரு அடி நகரல."