அர்த்தனாரியின் மாத்திரைகள்

மஞ்சப்பையைக் கவுன்ட்டரில் கவிழ்த்துக் கொட்டிய பிறகுதான் ஆல்பர்ட் வந்தவரின் முகத்தையே பார்ப்பார். மருத்துவ முகாமில் கொடுத்த மாத்திரை, கீழே சேந்தமங்கலத்துக் கடையில் வாங்கியது, 'நல்லாக் கேக்குது' என்று பக்கத்து வீட்டார் கிள்ளிக் கொடுத்தது எல்லாம் வந்து விழும். ஒரே மருந்து இரண்டு மூன்று பெயரில் இருந்துவிட்டால் மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். "ஏனுங்க, இதென்ன பொரிகடலைங்களா?" என்பார்.

கொல்லிமலையில் ஆரம்ப சுகாதார நிலைய மருந்தாளுநர். ஐம்பத்தேழு வயது. மனைவி மெர்சி இறந்து நான்கு வருடம், மகள் பெங்களூரில். வியாழன் மதியம் டாக்டர் கலைச்செல்வியும் அவரும் வயதானவர்களின் சீட்டுகளைப் பரப்பி உட்காருவார்கள். எது வேண்டாதது என்று இவர் காட்டுவார், டாக்டர் யோசித்து அதைக் கோடு போட்டு அடிப்பார். ஒரு மாத்திரை குறைந்தாலும் மனிதருக்குக் கொண்டாட்டம்தான். சாயங்காலம் குவார்ட்டர்ஸுக்குப் போனால் அதைச் சொல்ல ஆளில்லை.

தேவனூர் நாட்டு அத்தாயி இந்த மாதம் இரண்டு முறை மயங்கி விழுந்துவிட்டாள். இரண்டாவது தடவை மிளகுத் தோட்டத்துச் சரிவில். ஒரு பாறை தடுத்ததால் உயிர் பிழைத்தாள். அவளுக்கு எழுதியிருந்தது சர்க்கரை மாத்திரை மட்டும்தான். பையைக் கொட்டியதும் விஷயம் தெரிந்தது. தை மாதம் இறந்துபோன புருஷன் அர்த்தனாரியின் பிரஷர் மாத்திரைகளையும் சேர்த்து விழுங்கிக்கொண்டிருந்தாள். மாதா மாதம் அவள் அவன் சீட்டையும் நீட்ட, எதுவும் கேட்காமல் அவன் பெயரைக் கூப்பிட்டு எடுத்துக் கொடுத்தவர் ஆல்பர்ட்தான். நேரே டாக்டரிடம் போய்த் தன் தப்பையும் சேர்த்தே சொன்னார்.

டாக்டர் பிரஷர் பார்த்துவிட்டு அர்த்தனாரியின் சீட்டை அடித்தார். "இன்னொரு தடவை விழுந்தா தாங்க மாட்டாங்க ஆல்பர்ட் சார். மாத்திரைய வாங்கி வெச்சுக்குங்க. நீங்க சொன்னாத்தான் கேப்பாங்க."

அத்தாயி புருஷனின் மாத்திரை அட்டைகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "வீணாப் போவுதேன்னு முழுங்குனனுங்க சாமி. நீங்க அவரு பேரச் சொல்லிக் கூப்புட்டுத்தான குடுப்பீங்க? நான் அவரு பேரச் சொல்லக் கூடாதுங்க. ஊட்டுல வேற யாருங்க சொல்லுவா?"

மெர்சி என்ற பெயரை யாராவது சொல்லிக் கேட்டு ஆல்பர்ட்டுக்கும் நான்கு வருடமாகிறது.

அவளுடைய சர்க்கரை மாத்திரையை எடுத்துக்கொண்டு மருந்து கொடுக்கும் ஜன்னலுக்கு வந்தார். அத்தாயி எதிரிலேயேதான் நின்றிருந்தாள். ஆனாலும் வராந்தாவின் கடைசிவரை கேட்கும்படி கூப்பிட்டார்:

"அர்த்தனாரி சம்சாரம் அத்தாயி."

"இருக்கறனுங்க" என்றாள் அவள். பிடித்திருந்த அட்டைகளை ஒவ்வொன்றாகக் கவுன்ட்டரில் வைத்தாள்.