தேதிச் சீட்டை நம்பி நான் கழித்த புத்தகங்கள்

நூலகத்தில் வேலை என்றால் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து கதைப் புத்தகம் படிக்கலாம் என்று நினைப்பவர்கள், வருடாந்திர இருப்புச் சோதனையில் ஒரு புத்தகம் குறையும்போது நாங்கள் அலமாரி அலமாரியாக ஓடித் தேடுவதைப் பார்த்ததில்லை. நான் புதுவாயல் கூட்டு ரோட்டுப் பக்கம், ஒரு அறக்கட்டளை நடத்தும் சின்ன நூலகத்தில் தற்காலிக உதவியாளர். என்னைப் போலவே தூசி தட்டி, முத்திரை குத்தி, "இந்த வருஷம் நீட்டிப்பாங்களா?" என்று பயந்துகொண்டே இருக்கும் அக்கா தங்கச்சிகளே, இது உங்களுக்காக. இப்போது சிரித்துக்கொண்டு எழுதுகிறேன். அப்போது சிரிப்பு வரவில்லை.

சுற்றறிக்கை

காலையில் முத்திரையில் தேதி மாற்றிக்கொண்டிருந்தேன். எங்கள் நூலகர் பத்மா மேடம், அறக்கட்டளையிலிருந்து வந்த தாளை இரண்டு தடவை படித்துவிட்டு என்னிடம் நீட்டினார். எல்லா நூலகங்களையும் கம்ப்யூட்டருக்கு மாற்றப் போகிறார்களாம். உதவியாளர்கள் மூன்று மாதத்துக்குள் ஏதாவது ஒரு நூலகப் பயிற்சி முடித்து, திருவள்ளூரில் நடக்கும் செய்முறைத் தேர்வில் தேற வேண்டும். தேறாதவர்களுக்கு வேலை நீட்டிப்பு கிடையாது.

நான் பள்ளிப்பட்டுப் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டாவது படித்தவள். அங்கே கம்ப்யூட்டர் இருந்தது, பூட்டின அறைக்குள். ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். இந்த வேலை போனால் எனக்கு அடுத்து இருப்பது கம்பெனியில் பேக்கிங் வேலைதான். அதில் மூன்று ஷிப்டு. வீட்டுக்காரருக்கும் ஷிப்டு. மூன்று வயது யாழினியை யார் பார்ப்பது? இங்கே அங்கன்வாடி அடுத்த கட்டடம். அவள் அழுதால் எனக்குக் கேட்கும். அந்தத் தாளைப் படித்து முடித்தபோது அவள் அழாமலே எனக்குக் கேட்டது.

"உங்களுக்கும் இந்தத் தேர்வு உண்டா மேடம்?" என்று, துணைக்கு ஆள் கிடைக்குமா என்ற ஆசையில் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் அடுத்த வருஷம் ரிடையர் ஆகுறவ ரேவதி. பயப்படுற வயசெல்லாம் எனக்குத் தாண்டிப்போச்சு."

ஜன்னல்

முதலில் ஒரு கல்லூரிக்குப் போய் நூலகச் சான்றிதழ் படிப்பைப் பற்றிக் கேட்டேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கட்டணத்தைச் சொன்னார். நான் மறுபடி கேட்டேன், காதில் சரியாக விழவில்லையோ என்று. மறுபடியும் அதையே சொன்னார். தவணையில் கட்டலாமா, பாதி வகுப்புக்கு மட்டும் வரலாமா, புத்தகத்தை மட்டும் தருவீர்களா என்று காய்கறிக் கடையில் கேட்பது போல வரிசையாகக் கேட்டேன். பின்னால் நின்ற பெண் பிள்ளைகள் சிரித்தார்கள். அவர் மட்டும் சிரிக்கவில்லை. என்ன வேலை, என்ன சம்பளம் என்று விசாரித்தார். சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிஜமாகவே வருத்தப்பட்டார். "இந்த ஃபீஸ் கட்டுற வசதி இருந்தா, நீ ஏம்மா அந்த வேலைக்குப் போற?"

இலவச வகுப்பு

பத்மா மேடம்தான் எங்கேயோ விசாரித்து, நூலகப் பணியாளர்களுக்கென்றே போனில் நடக்கும் இலவச வகுப்பு ஒன்றைக் கண்டுபிடித்தார். ஓய்வு பெற்ற ஒரு நூலகர் நடத்துகிறார். நாங்கள் எல்லோரும் அவரை 'சார்' என்றே கூப்பிட்டதில் அவர் பெயர் எனக்குப் பாதி வகுப்பு வரைக்கும் தெரியாது. மதியம் ஒரு மணியிலிருந்து நான்கு வரை எங்கள் நூலகம் மூடியிருக்கும். அந்த நேரத்தில் வகுப்பு. யாழினியை மடியில் வைத்துக்கொண்டு, போனைப் புத்தக அடுக்கில் சாய்த்து வைத்து உட்காருவேன்.

மூன்றாவது நாள், சார் பாடத்தை முடித்துவிட்டு, "யாருக்கு என்ன சந்தேகம் இருந்தாலும் தயங்காம கேளுங்க" என்றார். அந்த நேரம் பார்த்து யாழினி போனைப் பிடுங்க வந்தாள், இழுத்த இழுப்பில் மைக் திறந்துகொண்டது. அது எனக்குத் தெரியாது. "வாயத் தொறந்தே, பின்னிடுவேன்!" என்று அதட்டினேன். அத்தனை ஊர் நூலகங்களிலும் என் குரல் கேட்டிருக்கிறது. திரையில் எல்லா முகமும் அப்படியே நின்றது. வகுப்பை விட்டுத் துரத்திவிடுவார்கள், வேறு இலவச வகுப்புக்கு எங்கே போவேன் என்று எனக்கு வேர்த்துவிட்டது. சார் தொண்டையைச் செருமிக்கொண்டார். "கேள்வி கேட்டா அடிக்கிற வகுப்பு இல்லம்மா இது. தைரியமா கேக்கட்டும்."

அடுப்படி

புத்தகங்களைப் பாடவாரியாக, பாடத்துக்கு நூறு எண் என்று ஒதுக்கி அடுக்குவது எங்கள் தொழிலில் அரிச்சுவடி. எனக்கு அந்த எண்கள் மண்டையில் நிற்கவில்லை. அதனால் சமையலறை டப்பாக்களில் சீட்டு ஒட்டிப் பழகினேன். பருப்பு வகை ஒரு நூறு, பொடி வகை ஒரு நூறு, அதற்குள் புள்ளி வைத்து மிளகாய்த்தூள், மல்லித்தூள். மனப்பாடம் ஆவது போலத்தான் இருந்தது. காலை ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த வீட்டுக்காரர் அடுப்படியில் நுழைந்து, ஒவ்வொரு டப்பாவாகத் தூக்கிப் பார்த்து, கடைசியில் கைகூப்பி நின்றார். "தாயே, சர்க்கரை எந்த நம்பர்ல கீதுன்னு மட்டும் சொல்லு. கம்பெனி பஸ் போயிடப் போவுது."

நாலு பேர், ஒரு கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டரில் கைபழக ஒரு ஞாயிற்றுக்கிழமை திருவள்ளூருக்கு வரச் சொன்னார் சார். பயிற்சிக்குக் கட்டணம் இல்லை, சாப்பாடு மட்டும் கட்டிக்கொண்டு வர வேண்டும். பெரியபாளையம் போய் பஸ் மாறிப் போனேன். நாலு பேருக்கு ஒரு கம்ப்யூட்டர். என் பக்கத்தில் மணவாள நகரிலிருந்து வந்த தேவி. அவளும் தற்காலிகம், அவளுக்கும் அதே தேர்வு. வீட்டுக்காரர் இல்லாமல் இரண்டு பிள்ளைகளை வளர்க்கிறவள். பத்து நிமிடத்தில் ஒரே ஊர்க்காரிகள் மாதிரி ஆகிவிட்டோம்.

ஒரு புத்தகத்தின் விவரத்தைப் பதிந்தோம். நன்றாகத்தான் வந்தது. பிறகு சார், "இப்ப அதை நீக்குங்க பாப்போம்" என்றார். திரையில், 'இந்தப் பதிவை நிரந்தரமாக நீக்கலாமா?' என்று ஒரு கட்டம் வந்து நின்றது. நாலு பேரும் ஒரே நேரத்தில் கையை எடுத்துவிட்டோம். பழகுவதற்கு வைத்திருக்கும் போலிப் பதிவுதான் என்று சார் சொன்ன பிறகும் விரல் போகவில்லை. ஒரு எலிப்பொறியைப் பார்ப்பது போல அந்த மவுஸைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். தேவி என் முழங்கையை இடித்தாள். "எக்கா, நீ அமுத்து. எதுனா ஆனா உன் ஊட்ல சம்பாரிக்க இன்னொரு ஆளு கீது."

கழித்துக் கட்டுதல்

கடைசி வீட்டுப்பாடம்தான் என்னைக் கவிழ்த்தது. யாரும் படிக்காத புத்தகங்களைப் பிரித்தெடுத்து இடத்தைக் காலி செய்வதும் நூலக வேலைதான். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு தேதிச் சீட்டு ஒட்டியிருக்கும். யாராவது வீட்டுக்கு எடுத்துப் போனால் அதில் தேதி குத்துவோம். மூன்று வருடமாகத் தேதி விழாதவற்றையும், அழுக்கேறியவற்றையும் கழித்துப் பட்டியல் அனுப்ப வேண்டும். தேர்வில் அந்தப் பட்டியலுக்கே பெரிய மதிப்பெண். தொழில் நூல் அலமாரியை எடுத்துக்கொண்டேன். சீட்டு வெள்ளையாக இருந்ததையெல்லாம் உருவினேன். அவற்றில் பல புத்தகங்களின் ஓரம் கறுத்து வேறு இருந்தது. இரண்டு காரணமும் பொருந்துகிறதே என்று சந்தோஷம். சணலால் இறுக்கிக் கட்டினேன். பட்டியலைப் பார்த்து சார் போனில் கட்டைவிரல் உயர்த்தினார். மேடம் கையெழுத்துப் போட, சனிக்கிழமை வண்டி வந்து அந்தக் கட்டைக் கும்மிடிப்பூண்டியில் இருக்கும் அறக்கட்டளைக் கிடங்குக்கு ஏற்றிப் போனது.

திங்கட்கிழமை பதினொன்றரைக்கு ஏழுமலை அண்ணன் வந்தார். ஒரு கம்பெனியில் பாய்லர் அறையில் ஹெல்பர். தினமும் அந்த நேரத்துக்கு வந்து ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு இரண்டு மணி ஷிப்டுக்குப் போவார். அலமாரி முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். "மேடம், பாய்லர் புக்கு இன்னாச்சு? வர்ற ஞாயித்துக்கெழமை எனக்குப் பரீச்சை." அவர் அறையெடுத்துத் தங்கியிருப்பவர். முகவரிக்குச் சான்று தர வீட்டு உரிமையாளர் மறுத்துவிட்டதால் உறுப்பினர் அட்டை இல்லை. அட்டை இல்லாததால் வீட்டுக்கு எடுத்துப் போக முடியாது. இங்கேயே உட்கார்ந்து படித்துவிட்டு மேசையில் வைத்துவிட்டுப் போவார். நானே எடுத்து அலமாரியில் சொருகுவேன், தினமும், இந்தக் கையால். நடந்ததைத் திக்கித் திணறிச் சொன்னேன். அவர் கத்தியிருந்தால் தேவலை. மெதுவாகத்தான் கேட்டார். "எடுத்துக்கினு போனாத்தான் படிச்சதா கணக்கா மேடம்?"

கிடங்கு

பத்மா மேடம் கிடங்குக்குப் போன் போட்டார். பழைய பேப்பர் வியாபாரி மூன்று மணிக்கு வருவதாகச் சொன்னார்கள். ஒரு மணிக்கு நூலகத்தைப் பூட்டிவிட்டு, அங்கன்வாடியில் சொல்லிவிட்டு, ஷேர் ஆட்டோவில் ஓடினேன். வழியெல்லாம் ஒரே நினைப்பு: கிடைக்காவிட்டால் அந்த மனிதன் முகத்தில் எப்படி விழிப்பது? கிடங்கில் பல நூலகத்துக் கட்டுகள் மலையாகக் கிடந்தன. என் கட்டு அடியில் இருந்தது. அவிழ்த்தேன். பாய்லர் புத்தகம் இருந்தது. நடுவில் ஒரு பஸ் டிக்கெட், அவர் வைத்த அடையாளம். அந்தப் பக்கம் வரைக்கும் ஓரமெல்லாம் கிரீஸ் விரல். அதற்கப்புறம் வெள்ளை. மற்ற புத்தகங்களையும் திருப்பிப் பார்த்தேன். அதே கறுப்பு விரல்கள், வேறு வேறு கை. அழுக்கு என்று நான் கழித்ததெல்லாம் படித்த தடயம். முழுக் கட்டையும் ஆட்டோவில் ஏற்றச் சொன்னேன். கிடங்குக்காரர் பீடியைக் காதில் சொருகிக்கொண்டு தூக்கிவிட்டார். "இத்தினி வருசத்துல இங்க கொட்ட வந்தவங்களத்தான் பாத்துக்கிறேன். அள்ளிக்கினு போக வந்த மொத ஆளு நீதாம்மா."

செய்முறைத் தேர்வு

புத்தகங்கள் அலமாரிக்குத் திரும்பிவிட்டன. பட்டியல் மட்டும் சார் கையில் இருந்தது. தேர்வை நடத்தும்படி அறக்கட்டளை சொல்லியிருப்பதும் அவரிடம்தான். தேவி போனில் தலைதலையாக அடித்துக்கொண்டாள்: "கம்முனு இருக்கா. மார்க்கு வந்துடுச்சி, கேட்டாத்தானே சொல்லணும்?" நானும் அப்படித்தான் இருக்க நினைத்தேன். யாழினியை நினைத்தால் வாய் தானாக மூடிக்கொண்டது. ஆனால் தேவியும் அதே பாடத்தைத்தான் செய்திருந்தாள். வகுப்பில் இருந்த எல்லோரும் அதே மாதிரி சீட்டைப் பார்த்துக் கட்டிக்கொண்டிருப்பார்கள். அங்கேயும் அட்டை இல்லாத ஒருத்தர் மேசையில் வைத்துவிட்டுப் போயிருப்பார். அவருக்குப் பரீச்சை என்றைக்கோ?

தேர்வன்று கம்ப்யூட்டரில் ஒரு பதிவை இரண்டு முறை போட்டுத் தொலைத்தேன். பிறகு சார் முன்னால் போய் நின்றேன். அவர் பட்டியலை எடுத்து, "இது நல்லா பண்ணியிருக்க" என்றார். "அது தப்பு சார்" என்றேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். கிரீஸ் விரலைச் சொன்னேன். இப்போது நாங்கள் 'படித்த புத்தகத்தை மேசையிலேயே விட்டுவிடுங்கள்' என்று எழுதி வைத்திருப்பதையும், மூடும் முன் மேசையில் கிடக்கும் ஒவ்வொரு புத்தகத்துக்கும் சீட்டின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுவதையும் சொன்னேன். சார் பட்டியலை மறுபடி முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தார். பாடத்தையே குறை சொல்லிவிட்டேன், வேலை போச்சு, பேக்கிங்தான், யாழினியை எங்கே விடுவது என்று அவர் முடிப்பதற்குள் நான் ஒரு முழு வாழ்க்கையை வாழ்ந்து முடித்துவிட்டேன். அவர் சிவப்புப் பேனாவால் பட்டியலுக்குப் போட்ட மதிப்பெண்ணை அடித்தார். பக்கத்தில் ஏதோ எழுதினார். "பட்டியலுக்கு மார்க் கெடையாது. அது தப்புன்னு கண்டுபிடிச்சதுக்குப் போட்டிருக்கேன். பாஸ் ஆகுற அளவுக்குத்தான் வருது, கூட்டிப் பாத்துக்கினு போம்மா."

வேலையை ஒரு வருடம் நீட்டித்திருக்கிறார்கள், பாடத்தையும் திருத்திவிட்டார்கள். பயிற்சிக்கு முன்னால் கண்டதற்கெல்லாம் பயந்துகொண்டிருந்த நான், இப்போது சான்றிதழோடு, எதற்குப் பயப்பட வேண்டுமோ அதற்கு மட்டும் முறைப்படி பயப்படுகிறேன்.