இரண்டு கையால் கழற்றியவர்

அலமாரியக்கா ஓய்வு பெற இன்னும் பதினெட்டு நாள்தான் இருந்தது. தொலைக்காட்சி நிலையத்தின் தரைத்தளத்தில், ஜன்னலே இல்லாத கேசட் அறையில், இரும்பு அலமாரிகளுக்கு நடுவே முப்பது வருடம் குப்பை கொட்டியாகிவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டோடு சரி. மேல்மாடி இயக்குநர் முதல் வாசல் காவலாளி வரை எல்லாருக்கும் அவள் அலமாரியக்காதான். எந்த கேசட் எந்தத் தட்டில் இருக்கிறது என்று கேட்டால் எழுந்திருக்காமலே சொல்வாள். அதில் ஒரு காலத்தில் பெருமை இருந்தது. இப்போது இருப்பது முட்டி வலியும் தூசி இருமலும்தான்.

கடைசி வருடத்தில் அவள் தலையில் கட்டிய வேலை, அட்டைகளைக் கணினியில் ஏற்றுவது. ஒவ்வொரு கேசட்டுக்கும் ஓர் அட்டை உண்டு. என்ன தேதி, எந்த இடம், படத்தில் யார், அசலா நாடகமா என்று அதில் எழுதியிருக்கும். கணினியில் ஏறியதும் அட்டையைப் பழைய பேப்பரோடு போட்டுவிடுவார்கள். அதன்பிறகு கணினி சொல்வதுதான் வேதவாக்கு. நான்காயிரம் அட்டைகளை ஏற்றி முடித்துவிட்டாள். ஒரே ஓர் அலமாரி பாக்கி. அது அமைச்சர் அலமாரி. அதை அவள் வேண்டுமென்றேதான் கடைசிக்குத் தள்ளிவைத்திருந்தாள்.

அமைச்சர் போன வருடம் காலமாகிவிட்டார். பதவி போய் வீட்டில் உட்கார்ந்திருந்த வருடங்களிலும் ஊர் அவரை அமைச்சர் என்றே அழைத்தது. தடித்த கறுப்புச் சட்டம் போட்ட மூக்குக்கண்ணாடி, இடப்பக்கம் சற்றுச் சாய்ந்த தோள், பேசத் தொடங்குமுன் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கும் பழக்கம். இதை வைத்துக்கொண்டு சினிமாக்காரர்கள் நாற்பது வருடம் பிழைப்பு நடத்தினார்கள். அவர் ஆரம்பத்தில் எதிர்க்கட்சியில் இருந்தபோது வில்லன்களுக்கு அந்தக் கண்ணாடியை மாட்டினார்கள். அவர் பதவிக்கு வந்ததும் பயந்துபோய், வில்லனிடமிருந்து பிடுங்கிக் காமெடியனுக்குக் கொடுத்தார்கள். வயதாகி அவர் எல்லாருக்கும் நல்லவராகிவிட்ட பிறகு, கதாநாயகனின் தியாகி அப்பா அதைப் போட்டுக்கொண்டு இருமிக்கொண்டே வந்தார். இப்போது அவர் கதையையே முழுப்படமாக எடுத்து முடித்துவிட்டார்கள். ஓர் இளம் கதாநாயகன் அமைச்சராக நடித்திருந்தான். அடுத்த வாரம் வெளியாகப் போகிறது.

அலமாரியில் அமைச்சர் நிஜமாக வந்த கேசட்டுகளுக்குப் பச்சைக் காகிதத் துண்டு ஒட்டியிருக்கும், வேறு யாராவது அமைச்சராக நடித்தவற்றுக்குச் சிவப்புத் துண்டு. பச்சையும் சிவப்பும் கலந்துவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் அலமாரியக்காவின் உத்தியோகம். சிவப்பாக இருக்கவேண்டிய ஒரு கேசட் இருபத்தேழு வருடமாகப் பச்சைத் துண்டோடு அங்கே உட்கார்ந்திருந்தது. அது அவளுக்குத் தெரியும், அவள் கணவருக்குத் தெரியும். மூன்றாவது ஆளிடம் இருவரும் மூச்சு விட்டதில்லை.

கணவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துச் சட்டத்தில் பொருத்தும் வேலை பார்த்தவர். கடை மூடியதும் நாடக ஒத்திகைக்குப் போவார். நடிப்பு அவருக்கு வந்தது. வாய்ப்புதான் வரவில்லை. கிடைத்ததெல்லாம் கதவைத் திறந்துவிடும் வேடம், தந்தி கொண்டுவரும் வேடம். ஒரு முறை பிணமாகப் படுத்திருந்தார். அதையும் நன்றாகவே செய்தார் என்று அலமாரியக்கா கேலி செய்வாள். ஆனால் முகத்தில் அமைச்சர் சாடை அச்சாக இருந்தது. பெரிய வெள்ளம் வந்து ஒரு வருடம் ஆனபோது நிலையத்தில் அதைப் பற்றி ஒரு தொலைக்காட்சி நாடகம் எடுத்தார்கள். அமைச்சர் வேடத்துக்கு ஆள் தேடினார்கள். அப்போது வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகியிராத அலமாரியக்கா சும்மா இல்லாமல், எங்கள் வீட்டில் ஒருவர் இருக்கிறார் என்று சொல்லிவைத்தாள்.

நிலையத்துக்குப் பின்னால் இருந்த குட்டையில் படப்பிடிப்பு. தீயணைப்பு வண்டிக் குழாயில் மழை. அமைச்சர் இடுப்பளவுத் தண்ணீரில் ஒரு கிழவரை முதுகில் சுமந்து வந்து படியில் இறக்க வேண்டும். கிழவராக நடிக்க வேண்டியவர் வராததால் மேக்கப்காரரே தாடியை ஒட்டிக்கொண்டு முதுகில் ஏறினார். அவர் எடை எழுபத்தெட்டுக் கிலோ. கணவர் மூச்சு வாங்க அவரை இறக்கி உட்காரவைத்தார். நனைந்த கண்ணாடியை இரண்டு கையாலும் கழற்றினார். துடைப்பதற்குச் சட்டையில் உலர்ந்த இடம் தேடினார், எங்கும் இல்லை. பார்வை சரியாகத் தெரியாமல், கண்ணாடியைப் பிடித்தபடி கிழவர் முகத்தருகே குனிந்து பார்த்து, உயிரோடு இருக்கிறார் என்று கண்டுகொண்டவர்போலச் சிரித்தார். எழுதிக்கொடுத்த வசனத்தாளில் அந்தச் சிரிப்பு இல்லை. தீயணைப்பு வண்டிக்காரர் குழாயை மூட மறந்து நின்றார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவர் குளிரில் நடுங்கிக்கொண்டே, நல்லா வந்துச்சுல்ல, நல்லா வந்துச்சுல்ல என்று அவளிடம் கேட்டுக்கொண்டு வந்தார். ஒரு வாரம் கழித்து, நாடகம் நீளமாக இருக்கிறது என்று இயக்குநர் அந்தக் காட்சியை மொத்தமாக வெட்டிவிட்டார்.

அந்த நாட்களில் கேசட்டுக்குப் பஞ்சம். பழையதை அழித்து, அதன்மேலேயே புதியதைப் பதிவார்கள். அழிக்கச் சொல்லி வந்தவற்றில், வெள்ள முகாமுக்கு அமைச்சர் நிஜமாகவே வந்த கேசட்டும் ஒன்று. யாரோ குடை பிடிக்க, நான்கு நிமிடம் நின்று போர்வை கொடுத்துவிட்டுப் போன உப்புச்சப்பில்லாத காட்சி. அதை அழித்துவிட்டு, வெட்டிய காட்சியை அதில் பதிந்து வைத்தார்கள். துண்டையும் அட்டையையும் மாற்ற வேண்டியவள் அலமாரியக்கா. அன்றைக்குப் பார்த்து மகளுக்குக் காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து ஆள் வந்தது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று கேசட்டைத் தட்டில் செருகிவிட்டு ஓடினாள். மகள் மூன்று நாளில் தேறிவிட்டாள். அந்த நாளைதான் வரவேயில்லை.

மறு வருடம் தேர்தல் வந்தது. செய்திப் பிரிவினர் அவசரமாக வந்து, வெள்ளம், அமைச்சர், அசல் என்று அட்டையில் இருந்ததைப் பார்த்து எடுத்துப் போனார்கள். சாயங்காலம் வீட்டில் செய்தியில் அது ஓடியது. கணவர் முதலில் வாய்விட்டுச் சிரித்தார்.

"ஏம்மா, நான் எப்ப அமைச்சரானேன்?"

அலமாரியக்காவுக்கு வேலை நிரந்தரமாக இன்னும் மூன்று மாதம் இருந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் அவர் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். நாமாக எதுவும் சொல்ல வேண்டாம், இரண்டு நாளில் எல்லாரும் மறந்துவிடுவார்கள் என்றார். வேலை போனால் என்ன செய்வது என்று அவர் கேட்கவில்லை. அவள்தான் மனதுக்குள் கேட்டுக்கொண்டாள். பிறகு அவர் சொன்னதையே பிடித்துக்கொண்டாள்.

ஊர் மறக்கவில்லை. அன்று குட்டையைச் சுற்றி நின்றவர்களும் அமைச்சரோடு நமக்கு எதற்கு வம்பு என்று இருந்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பு சுவரொட்டியில் வந்தது, நாட்காட்டியில் வந்தது. அமைச்சரின் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் நிலையத்தில் அரைத்த மாவையே அரைப்பதுபோல அதையே போட்டார்கள். ஒவ்வொரு தடவையும் கேசட்டை எடுத்துக் கொடுத்துக் கையெழுத்து வாங்கியவள் அலமாரியக்காதான். சொல்லிவிடலாம் என்று நினைக்கும்போதெல்லாம், போன வருடமே சொல்லியிருக்கலாமே என்று வாயை மூடிக்கொள்வாள். ஊர் அந்தக் காட்சியைப் பற்றிப் பேசுவதைக் கேட்டுக் கேட்டு அமைச்சருக்கே நினைவு வந்துவிட்டது. முதலில் ஒரு பேட்டியில், எத்தனையோ இடத்துக்குப் போனேன், எல்லாம் ஞாபகம் இல்லை என்றார். அடுத்த பேட்டியில் தண்ணீர் முழங்கால் அளவு என்றார். கடைசிப் பேட்டியில் தண்ணீர் இடுப்புக்கு ஏறியிருந்தது. அந்தப் பெரியவர் கனமே இல்லை, சருகுபோல இருந்தார் என்று சொல்லிக் கண் கலங்கினார். அவர் பொய் சொல்லவில்லை, நம்பிவிட்டார் என்று அலமாரியக்காவுக்குத் தோன்றியது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த கணவர் ஒன்றே ஒன்று சொன்னார்.

"கனமே இல்லையாம். மேக்கப்காரர் எறங்கினதும் எனக்கு நாலு நாள் முதுகு நிமிரல."

கண்ணாடிக் கடைக்காரர் யாரும் ஒற்றைக் கையால் கண்ணாடியைக் கழற்றமாட்டார். ஒரு பக்கத்துக் காதுக் கம்பி விரிந்து சட்டம் கோணிவிடும். அமைச்சர் அதற்கு முன்பு எல்லா மேடையிலும் வலக் கையால் வெடுக்கென்று உருவியவர்தான். அந்தக் காட்சி பிரபலமான பிறகு அவரும் இரண்டு கையால், நிதானமாகக் கழற்றத் தொடங்கினார். அவர் அப்படிக் கழற்றினால் கூட்டம் கைதட்டியது. அவருக்குச் சிலை வைத்தபோதும் கண்ணாடியை இரண்டு கையில்தான் கொடுத்தார்கள். அதன்பின் வந்த படங்களில் அமைச்சராக நடித்த அத்தனை பேரும் இரண்டு கைதான்.

இதில் அடிபட்டவர் கணவர் ஒருவர்தான். கடையில் வாடிக்கையாளர் கண்ணாடியைச் சோதிக்க அவர் இரண்டு கையை உயர்த்தினாலே, என்ன அண்ணே, அமைச்சரைக் காப்பியடிக்கிறீங்களா என்று சிரித்தார்கள். முகமும் அப்படியே இருக்க, டூப்பு என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. கடை திறப்பு விழாக்களில் அமைச்சர் வேடத்தில் நிற்கக் கூப்பிட்டார்கள். இரண்டு தடவை போய் நின்றுவிட்டு வந்து, இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நாடகத்தையும் விட்டார். தன் சொந்தக் கண்ணாடியை ஒற்றைக் கையால் உருவப் பழகிக்கொண்டார். அவர் கண்ணாடி எப்போதும் கோணலாக இருக்கும். மாதம் ஒரு முறை சின்னத் திருப்புளியால் அவரே திருகாணியை இறுக்குவார். அலமாரியக்கா அதைப் பார்த்தும் பார்க்காததுபோல அடுக்களைக்குப் போய்விடுவாள். கேட்டால் அவர் பதில் சொல்லிவிடுவாரோ என்று பயம்.

புதுப்படத்தின் முன்னோட்டம் போன ஞாயிற்றுக்கிழமை மதியம் டிவியில் வந்தது. இளம் கதாநாயகன் தண்ணீரில் நடந்து வந்தான், கிழவரை இறக்கினான், கண்ணாடியைக் கழற்றினான், குனிந்து சிரித்தான். சிரிப்பு வரவில்லை, பல்தான் வந்தது. கணவர் எழுந்து போய் டிவியை அணைத்தார். கோபமாக இல்லை. கடையை மூடுகிறவர்போலத்தான் அணைத்தார்.

"நான் நடிச்சதே அது ஒண்ணுதான்" என்றார்.

இருபத்தேழு வருடத்தில் அவர் சொன்ன குறை அவ்வளவுதான். திட்டியிருந்தால் அவள் தாங்கியிருப்பாள். 

திங்கட்கிழமை காலை அலமாரியக்கா பதினோரு கேசட்டுகளைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு மேலாளர் அறைக்குப் போனாள். மேலாளர் அவள் மகள் வயதுப் பெண், நல்ல மாதிரி. பத்து கேசட்டுகள் வெள்ளத்துக்கு முன்பும் அந்த வருடமும் எடுத்தவை. பத்திலும் அமைச்சர் ஒற்றைக் கையால் கண்ணாடியை உருவினார். பதினொன்றாவதில் இரண்டு கை. அலமாரியக்கா நடந்ததை மறைக்காமல் சொன்னாள். காய்ச்சல் என்று ஓடியதையும் சொன்னாள், அதற்குப் பிறகு காய்ச்சல் இல்லாத வருடங்களில் சும்மா இருந்ததையும் சொன்னாள். மேலாளர் பதினொன்றாவது கேசட்டை மறுபடி ஓடவிட்டுப் பார்த்தாள்.

"அக்கா, நீங்க சொல்றத நான் நம்பறேன். ஆனா இத மாத்தினா மேல இருக்கிறவங்க என்னைக் கிழிச்சிடுவாங்க. படம் வேற வருது. நீங்க இந்த மாசம் போயிடுவீங்க, பதில் சொல்ல நான்தான் நிக்கணும்."

அலமாரியக்கா தள்ளுவண்டியைத் திருப்பத் தொடங்கினாள். அந்தப் பெண்ணுக்கு என்ன தோன்றியதோ, கூப்பிட்டு நிறுத்தினாள்.

"பேர் இருக்கிற எடத்த தொடாதீங்க. கடைசியில குறிப்புன்னு ஒரு எடம் இருக்கு. அத யாரும் தொறந்துகூடப் பாக்கிறதில்ல. அதுல எழுதிக்கோங்க. ஆனா எழுதினவங்க பேர் தானா விழும். நாளைக்கு விசாரணைன்னு வந்தா, ரிட்டயர் ஆயிட்டேன்னு விட மாட்டாங்க."

வரட்டும் என்றாள் அலமாரியக்கா. களைப்பில்தான் சொன்னாள், வீரத்தில் இல்லை. இருபத்தேழு வருடம் பயந்ததே போதும் போலிருந்தது.

கீழே வந்து அந்த அட்டையைக் கணினியில் ஏற்றினாள். படத்தில் யார் என்ற இடத்தில், மேலாளர் சொன்னபடியே, அமைச்சர் என்று இருந்தது. குறிப்பில் நான்கு தடவை அழித்து எழுதினாள். பிறகு கேசட்டின் பச்சைத் துண்டை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டுச் சிவப்பை ஒட்டினாள். கேசட்டுகளையும் பிரதி எடுத்துவிட்டு நொறுக்கப் போகிறார்கள் என்று தெரியும். இருந்தாலும் ஒட்டினாள். குறிப்பை ஒரு தாளில் அச்செடுத்து, மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தபோது வெயில் இன்னும் இறங்கவில்லை. கணவர் மேசையில் திருப்புளியோடு உட்கார்ந்திருந்தார். திருகாணியை இறுக்கி முடித்து, கண்ணாடியை ஒற்றைக் கையால் மாட்டிக்கொண்டார். அவள் தாளை நீட்டினாள். அவர் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே படித்தார்.

இக்காட்சியில் இருப்பவர் அமைச்சர் அல்லர், நாடகத்துக்காக நடிக்கப்பட்டது என்று முதல் வரி. நடித்தவர் என்று போட்டு அவருடைய முழுப்பெயர். மூக்குக்கண்ணாடிக் கடை ஊழியர், என் கணவர். அட்டையை மாற்றாமல் விட்டதும் பின்னர் சொல்லாமல் இருந்ததும் என் தவறு. கீழே அவள் பெயர், அலமாரியக்கா என்று இல்லை, பதிவேட்டில் உள்ள பெயர்.

"ஆபீஸ் தாள்ல எதுக்கு என் கணவர்னு எழுதின?" என்றார்.

"யாருன்னு தெரிய வேணாமா?"

"யார் படிக்கப் போறாங்க?"

பொய் சொல்ல அலமாரியக்காவுக்கு மனம் வரவில்லை. "யாரும் படிக்க மாட்டாங்க" என்றாள். அவர் தலையாட்டிக்கொண்டார். தாளை மேசையில் வைத்தார். கண்ணாடியை இரண்டு கையாலும் கழற்றி, சட்டை நுனியில் உலர்ந்த இடம் பார்த்துத் துடைத்தார். இரண்டு கையாலும் மாட்டிக்கொண்டு, முதல் வரியிலிருந்து மறுபடியும் படிக்க ஆரம்பித்தார்.